பெயர் இருக்கிறது, எலும்பு எங்கே? - கல்லமேட்டு டைனோசரின் கதை

விருதுநகர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. பந்தல்குடிப் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். துலுக்கப்பட்டியில் சிமெண்ட் ஆலை ஓடுகிறது. அரியலூரிலும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அங்கேயும் சிமெண்ட் ஆலைகள்தான். ஆனால் அரியலூர்க் கல்லை உடைத்தால் சிப்பி கிடைக்கும், நத்தை கிடைக்கும், சுறாவின் பல் கிடைக்கும். அந்த வட்டாரத்தில் டைனோசர் எலும்பு கூடக் கிடைத்திருக்கிறது! பந்தல்குடிக் கல்லை எத்தனை லாரி உடைத்தாலும் ஒரு சிப்பி கூடத் தேறாது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

காரணம் பாறையின் வயதும் அது பட்ட பாடும்தான். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் கரிசல் மண்ணுக்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற உருமாறிய பாறைகள். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து வந்தவை. பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லும் அந்த அடுப்பில் வெந்து பளிங்கு போல மாறிவிட்டது. எலும்புள்ள பெரிய விலங்குகள் உலகத்தில் தோன்றும் முன்பே சமைந்து முடிந்த பாறையில் டைனோசரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இந்தப் பகுதியை அந்தக் காலத்திலேயே நடந்து அளந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் சென்னைப் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தாரே, அதே ஃபூட்தான். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1883-இல் வெளிவந்தது. வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த பொருட்கள் மனிதர்கள் செய்து பயன்படுத்தியவை, சில ஆயிரம் ஆண்டுகள் பழையவை. அது தொல்லியல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்களைத் தேடுவது தொல்லுயிரியல். இரண்டும் மண்ணைத் தோண்டும் வேலைதான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. தொல்லுயிரியல்காரர் விருதுநகரில் நின்று பயனில்லை. மதுரை, திருச்சி தாண்டி அரியலூருக்குத்தான் போக வேண்டும்.

கடல் வந்து போன ஊர்

கிரெட்டேசியஸ் எனப்படும் காலத்தில், அதாவது சுமார் 14 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதிக்குள் கடல் பல முறை புகுந்து பின்வாங்கியது. அப்போது இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. மடகாஸ்கரோடு சேர்ந்திருந்து, சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்தும் பிரிந்து, தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கடல் உள்ளே வந்தபோது சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் சேற்றில் புதைந்தன. கடல் பின்வாங்கி ஆறுகள் மணல் கொட்டியபோது நிலத்து விலங்குகளின் எலும்புகள் புதைந்தன.

இந்தப் புதையலை முதலில் வெளியுலகுக்குக் காட்டியவர்கள் நிலவியல் படித்தவர்கள் அல்லர். சி.டி. கே, புரூக் கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றில் இருந்த மீன்களின் எச்சங்களை எகர்ட்டன் 1845-இலும், சிப்பி முதலியவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இலும் விவரித்தார்கள்.

பிறகு 1851-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிலிருந்து ஹென்றி பிளான்ஃபோர்டு வந்தார். 1860-களில் வெளியான அவருடைய அறிக்கைதான் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்தது. இன்றும் ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களைப் பயன்படுத்துகிறார்கள். (இதே பிளான்ஃபோர்டு 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார் என்பது தனிக்கதை.)

எலும்பைப் பார்த்து எப்படிப் பெயர் வைப்பது?

முழு எலும்புக்கூடு கிடைப்பது சினிமாவில்தான். நிஜத்தில் கிடைப்பது ஒரு முள்ளெலும்பு, அரைப் பல், உடைந்த தொடை எலும்பு. அதை வைத்து விலங்கு எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஊட்டத்தூர் அடுக்கில் கிடைத்த சில முள்ளெலும்புகளைப் பார்த்து ரிச்சர்டு லைடெக்கர் 1879-இல் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். இக்தியோசார் என்பது மீன் வடிவில் கடலில் நீந்திய ஊர்வன. அதன் முள்ளெலும்பு குட்டையாக, வட்டமாக, இரண்டு பக்கமும் குழிந்து இருக்கும். தரைச்சக்கரத்தை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கியது போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வடிவம் வேறு ஊர்வனவற்றில் அவ்வளவாக இல்லாததால் இது இக்தியோசார் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் எந்த வகை இக்தியோசார் என்று சொல்ல அந்த முள்ளெலும்பு போதாது. அதனால் லைடெக்கர் வைத்த பெயரைப் பிற்காலத்தவர்கள் 'ஐயத்துக்குரிய பெயர்' என்ற பட்டியலில் தள்ளிவிட்டார்கள்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும. ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைப்பவர் ஒரு குறிப்பிட்ட எலும்பைக் காட்டி, "இந்தப் பெயர் இதற்குத்தான்" என்று சொல்ல வேண்டும். அதை மூல மாதிரி என்பார்கள். பின்னாளில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த எலும்பை எடுத்துப் பார்த்துத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சிவகாசி அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். மூல ஃபிலிம் பத்திரமாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் பிளேட் போட்டுக்கொள்ளலாம். ஃபிலிம் தொலைந்துவிட்டால் அச்சான காலண்டரைப் பார்த்துத்தான் மறுபடி படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும். கடைசியில் சாமி முகத்தில் மூக்கு எங்கே இருந்தது என்பதே சண்டையாகிவிடும்!

கல்லமேட்டின் பேருடல்

அப்படிப்பட்ட சண்டை ஒன்றுதான் அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த விலங்குக்கு நேர்ந்தது.

கல்லமேட்டுப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலம். இந்தப் பகுதியின் டைனோசர் எலும்புகளைப் பற்றி சி.ஏ. மேட்லி என்ற ஆய்வாளர் 1929-இலேயே எழுதியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி இருவரும் அங்கே மிகப்பெரிய எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பெலும்பு, தொடை எலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு. 1987-இல் அவற்றை விவரித்து 'புருகத்காயோசாரஸ் மேட்லியை' என்று பெயர் வைத்தார்கள். 'புருகத் காய' என்றால் சமஸ்கிருதத்தில் பேருடல். பின்பாதி மேட்லிக்கு மரியாதை.

எவ்வளவு பெரிய உடல்? கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பே ஓர் ஆளை விட உயரம்! உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாகச் சொல்லப்படும் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர்தான்.

ஆனால் முதல் கட்டுரையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் இதை இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். அவ்வளவு பெரிய ஊனுண்ணி உலகத்தில் எங்குமே கிடையாது. பிறகு சங்கர் சட்டர்ஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இது நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட தாவர உண்ணியான சாரோபாடு வகை என்றார்கள். வேறு சிலருக்கு இது எலும்புதானா என்றே சந்தேகம். அரியலூர், பெரம்பலூர் பகுதியில் கல்லாகிப்போன மரங்கள் ஏராளம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளம். "கல்மரத்தைப் பார்த்து எலும்பு என்று சொல்லிவிட்டார்களோ?" என்ற கேள்வி எழுந்தது.

இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது கஷ்டமே இல்லை. ஒரு சிறு துண்டை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் போதும். எலும்பில் இரத்தக்குழாய் ஓடிய துளைகள் வட்டம் வட்டமாகத் தெரியும். மரத்தில் அதன் செல்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

ஆனால் சீவுவதற்கு எலும்பு இல்லை!

ஆம். அந்த எலும்புகள் மிகவும் நொய்ந்து போயிருந்தன. தோண்டியெடுக்கும்போது எலும்பைச் சுற்றி மாவுக்கட்டு போடுவது வழக்கம், கை முறிந்தவருக்குப் போடுவது போலத்தான். கல்லமேட்டு எலும்புகள் அந்தக் கட்டுக்குள்ளேயே உதிரத் தொடங்கிவிட்டன. ஆய்வுத்துறையின் சேகரிப்புக்குப் போய்ச் சேரும் முன்பே சிதைந்துபோயின என்ற விவரம் பீட்டர் கால்ட்டனும் அய்யாசாமியும் 2017-இல் எழுதிய கட்டுரையில் வெளிவந்தது. உலகத்திலேயே பெரியதாக இருந்திருக்கக்கூடிய ஒரு நிலவிலங்கு, சாக்கு நிறையத் தூளாகிப் போனது.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் அதன் மேல் கட்டிய சுவரையே பிளந்துவிடுகிறது. அப்படிப்பட்ட களிமண் படிவுகளுக்குள் 6 கோடி ஆண்டு கிடந்த எலும்பு வெளியே வந்து காற்றும் வெயிலும் மழையும் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கண்டுபிடித்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உதிரும் எலும்பை இறுக்கும் பசையும், தூக்கிச் செல்லும் வசதியும், உடனே வேலையைத் தொடங்க ஓர் ஆய்வுக்கூடமும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் கதை முடியவில்லை. 2022-இல் சௌரவ் பாலும் அய்யாசாமியும் தோண்டிய காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். அவற்றைப் பார்த்தால் மரம் அல்ல, எலும்புதான் என்ற எண்ணம் வலுக்கிறது. 2023-இல் கிரிகோரி பால், அசியர் லாரமெண்டி இருவரும் இந்த விலங்கின் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். குறைந்த கணக்கை எடுத்தாலே 20 யானைகளுக்கு மேல்! ஆனால் அந்தக் கணக்கு நிற்பது அச்சில் உள்ள அளவுகள் மேலும் சில படங்கள் மேலும்தான். 110-க்கும் 170-க்கும் நடுவே 60 டன் வித்தியாசம் இருக்கிறதே, அளந்து சரிபார்க்க எலும்பு இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொரு பெயர், இன்னொரு சண்டை

இதே யாதகிரியும் அய்யாசாமியும் 1979-இல் திருச்சிராப்பள்ளி அடுக்கிலிருந்து வேறொரு விலங்குக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி'. முதுகில் தகடு தகடாக நிற்குமே, ஸ்டெகோசாரஸ், அந்தக் குடும்பம் என்றார்கள். ஸ்டெகோசார்கள் மற்ற நாடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே அழிந்துவிட்டன. எனவே இது உண்மையானால் கடைசி ஸ்டெகோசார் தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கிறது!

1996-இல் சங்கர் சட்டர்ஜியும் டி.கே. ருத்ராவும் இதை மறுத்தார்கள். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்ததில் கடல் ஊர்வனவான பிளெசியோசாரின் எலும்புகளே கிடைத்தன, இதுவும் அதுதான் என்றார்கள். பாறையும் கடலடியில் படிந்தது என்பதால் வாதம் வலுவாகத் தெரிந்தது. ஆனால் ஸ்டெகோசார்களை ஆராய்ந்த வேறு சிலர், மண்டையோட்டையும் தகடுகளையும் பிளெசியோசார் என்று சொல்ல முடியாது என்று பதில் சொன்னார்கள். சண்டை முழுதாகத் தீரவில்லை.

ஜபல்பூர் எலும்பு திரும்பி வந்த கதை

எலும்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. 1828-இல் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் கேப்டன் ஸ்லீமன் சில பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார். 'டைனோசர்' என்ற சொல்லே அப்போது கிடையாது, அது பிறந்தது 1842-இல். அந்த வால் முள்ளெலும்புகளுக்கு லைடெக்கர் 1877-இல் 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார்.

பின்னர் அந்த எலும்பு எங்கே போனது என்றே தெரியாமல் போயிற்று. 2003-இல் வில்சனும் அப்சர்ச்சும் லைடெக்கர் சொன்ன அடையாளங்கள் வேறு பல டைனோசர்களுக்கும் பொருந்துவதால் அந்தப் பெயரே செல்லாது என்றார்கள். ஆனால் 2012-இல் கொல்கத்தாவில், புவியியல் ஆய்வுத்துறையின் சேகரிப்பிலேயே, தனஞ்சய் மொகாபே குழுவினர் அந்த எலும்பைக் கண்டுபிடித்தார்கள். 1828-இல் எடுத்த எலும்பை 2012-இல் கையில் வைத்து மறுபடி ஆராய முடிந்தது. 184 ஆண்டு! பெயர் செல்லுமா செல்லாதா என்பது வேறு விஷயம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல எலும்பு இருந்தது.

ஒரு சின்ன ஆமையும் ஒற்றைப் பல்லும்

கல்லமேடு அதோடு வறண்டுவிடவில்லை. 2001-இல் காஃப்னி, சட்டர்ஜி, ருத்ரா மூவரும் அங்கே கிடைத்த ஆமைக்கு 'குர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். கூர்மம் என்றால் ஆமை. கல்லமேடு என்ற ஊர்ப்பெயர் உலக அறிவியலில் நிரந்தரமாக ஏறிவிட்டது. மண்டையோடு கிடைத்ததால் இதன் உறவுமுறையைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. தலையை ஓட்டுக்குள் நேராக இழுக்காமல் பக்கவாட்டில் மடிக்கும் ஆமைக் கூட்டத்தைச் சேர்ந்தது இது.

2013-இல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்ட குழு அதே கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு பல்லை விவரித்தது. ட்ரூடான்டிட் எனப்படும் சிறிய ஊனுண்ணி டைனோசரின் பல் என்று வகைப்படுத்தினார்கள். அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே தெரிந்த கூட்டம் அது. தனித்தீவாக மிதந்த இந்தியாவுக்கு அது எப்படி வந்தது என்ற பெரிய கேள்வியை அந்தச் சின்னப் பல் கேட்டுவிட்டது.

பார்த்தீர்களா? 100 டன் விலங்கு சாதிக்காததை ஓர் ஆமையின் தலையும் ஒரு பல்லும் சாதித்திருக்கின்றன. காரணம், அவை இருக்கின்றன.

முட்டையா, கல்லா?

2009-இல் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு செந்துறை அருகே டைனோசர் முட்டைகள் கூட்டங்கூட்டமாகக் கிடைத்ததாக அறிவித்தபோது உலகமே அரியலூரைத் திரும்பிப் பார்த்தது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் அள்ளும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைக்க, அவையும் டைனோசர் முட்டை என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் போன்ற கடல் உயிர்களின் எச்சங்களோடு சேறு இறுகி உருண்ட படிவுகள் என்று தெரிந்தது. செய்தி பரவ ஒரு நாள் போதும். கல்லை எடுத்துப் பார்க்கத்தான் தெரிந்தவர் வேண்டும், கல்லும் வேண்டும்.

சாத்தனூர்க் கல்மரமும் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இப்படிப்பட்ட புவியியல் மரபுச் சொத்துகளைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவையும் வெளியிட்டது. இவையெல்லாம் நல்ல தொடக்கம்.

சுரங்கம் தோண்டுவதையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தோண்டியதால்தான் பல அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் புல்டோசர் ஓட்டுபவருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும், சுற்றுலா போகும் மாணவனுக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வித்தியாசமான எலும்போ பல்லோ கண்ணில் பட்டால் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்கோ தகவல் சொல்ல வேண்டும். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் எடுத்து வந்த எலும்பு முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

புருகத்காயோசாரஸ் இனி திரும்பி வராது. ஆனால் ஒரே ஒரு விலங்கோடு ஓர் இனம் வாழ்ந்திருக்க முடியாது. அதன் அண்ணனோ தங்கையோ கல்லமேட்டுக் களிமண்ணில் இன்னும் படுத்திருக்கலாம். அடுத்த மழையில் ஓர் ஓரம் வெளியே தெரியலாம். அப்போது அதைப் பார்க்கப் போகிறவர் யார், பார்த்ததும் என்ன செய்யப் போகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.